புண் ஏன் ஆறவில்லை?

பெங்களூர் கே.ஆர். மார்க்கெட்டில் விடிவதற்கு முன்பே பூ வியாபாரம் தொடங்கிவிடும். மல்லிகை, கனகாம்பரம், சாமந்தி, ரோஜா என்று மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அங்கே பூ கட்டி விற்கும் ஓர் அம்மாவை நினைத்துக்கொள்வோம். அவருக்கு வயது ஐம்பது இருக்கும்.

ஒரு நாள் ரோஜாக் கட்டைப் பிரிக்கும்போது அவர் விரலில் முள் குத்தியது. முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைப் பார்த்தார். மாலையில் விரல் சிவந்தது. தொட்டால் சுட்டது. வீங்கி வலித்தது. மறுநாள் கொஞ்சம் சீழ் வந்தது. ஐந்தாம் நாள் எல்லாம் ஆறிவிட்டது. மருந்து எதுவும் போடவில்லை.

அதே அம்மாவின் இடது கன்னத்தின் உட்புறத்தில் ஒரு புண் இருந்தது. அது மூன்று மாதமாக ஆறவில்லை. “உடம்புச் சூடு, தானாகப் போய்விடும்” என்று அவர் இருந்துவிட்டார்.

இரண்டும் ஒரே உடம்பில் வந்த புண்கள்தான். விரல் புண் ஐந்து நாளில் ஆறியது. வாய்ப்புண் மூன்று மாதமாகியும் ஆறவில்லை. ஏன்?

உடம்பின் காவல்காரர்கள்

நம் உடம்பு கோடானுகோடி செல்களால் ஆனது. செல்லை உயிரணு என்றும் சொல்வார்கள். செங்கல் சேர்ந்து வீடு ஆவதுபோல, செல்கள் சேர்ந்து உடம்பு ஆகிறது. செல்லைக் கண்ணால் பார்க்க முடியாது. மைக்ராஸ்கோப் வழியாகத்தான் பார்க்க முடியும்.

ரத்தத்திலும் செல்கள் உண்டு. சிவப்பு அணுக்கள் காற்றில் உள்ள ஆக்சிஜனைச் சுமந்து செல்கின்றன. வெள்ளை அணுக்கள் காவல் காக்கின்றன. கடுகை விடச் சிறிய ஒரு துளி ரத்தத்தில் சுமார் 50 லட்சம் சிவப்பு அணுக்கள் இருக்கும். வெள்ளை அணுக்கள் 4,000 முதல் 11,000 வரைதான் இருக்கும். எண்ணிக்கை குறைவு. ஆனால் அவை செய்யும் வேலை பெரியது.

முள் குத்தினால் முள்ளோடு கிருமிகளும் உள்ளே போகும். அடிபட்ட இடம் உடனே செய்தி அனுப்பும். அங்குள்ள ரத்தக் குழாய்கள் விரியும். வெள்ளை அணுக்கள் குழாயை விட்டு வெளியே வந்து அந்த இடத்தைச் சூழ்ந்துகொள்ளும். கிருமிகளைப் பிடித்து விழுங்கும். சண்டையில் வெள்ளை அணுக்களும் ஏராளமாகச் சாகும். செத்த அணுக்களும் செத்த கிருமிகளும் சேர்ந்ததுதான் சீழ்.

நட்சத்திர மீனும் ரோஜா முள்ளும்

இதை முதலில் கண்டவர் மெச்னிகாஃப் என்ற ரஷ்ய விஞ்ஞானி. 1882ஆம் ஆண்டு அவர் இத்தாலியில் மெசினா என்ற கடற்கரை ஊரில் இருந்தார். அங்கே நட்சத்திர மீனின் குஞ்சுகளை ஆராய்ந்தார். அவை கண்ணாடிபோல் இருக்கும். உள்ளே நடப்பது வெளியே தெரியும்.

அவர் தோட்டத்திலிருந்து ரோஜா முட்களை எடுத்து வந்தார். அவற்றை அந்தக் குஞ்சுகளின் தோலுக்கு அடியில் குத்தி வைத்தார். அன்று இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் எழுந்து பார்த்தார். முள்ளைச் சுற்றி அணுக்கள் கூட்டமாக வந்து சூழ்ந்திருந்தன!

உடம்புக்குள் காவல் படை இருக்கிறது என்று அவர் உலகத்துக்குச் சொன்னார். 1908இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பூக்கார அம்மாவின் விரலில் நடந்ததும் இதுதான்.

அழற்சி என்றால் என்ன?

அடிபட்ட இடம் சிவக்கிறது. சூடாகிறது. வீங்குகிறது. வலிக்கிறது. இந்த நான்கும் சேர்ந்ததை அழற்சி என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அழற்சி என்பது நோய் அல்ல. காவல்காரர்கள் வேலை செய்கிறார்கள் என்பதற்கு அது அடையாளம்.

வெள்ளை அணுக்களிடம் ஆயுதமும் உண்டு. குடிநீர்த் தொட்டியில் கிருமி சாக பிளீச்சிங் பவுடர் போடுகிறோம் அல்லவா? அது தண்ணீரில் கரையும்போது ஒரு கடுமையான பொருள் உண்டாகிறது. அதே பொருளை வெள்ளை அணுக்களும் தயாரித்துக் கிருமிகள் மேல் விடுகின்றன.

பிளீச்சிங் பவுடர் கிருமியையும் கொல்லும், நம் கையையும் அரிக்கும். வெள்ளை அணுக்களின் ஆயுதமும் அப்படித்தான். பக்கத்தில் இருக்கும் நல்ல செல்களையும் அது தாக்கும். அதனால்தான் சண்டை சீக்கிரம் முடிய வேண்டும்.

நல்ல உடம்பில் அது முடிந்துவிடும். கிருமி ஒழிந்ததும் வேறு வகை வெள்ளை அணுக்கள் வரும். அவை செத்ததை எல்லாம் விழுங்கிச் சுத்தம் செய்யும். “இனி புதுத் தோல் வளரட்டும்” என்று செய்தி அனுப்பும். பக்கத்தில் உள்ள நல்ல செல்கள் இரண்டிரண்டாகப் பிரிந்து, பெருகி, பள்ளத்தை நிரப்பும். புண் ஆறிவிடும்.

ஆனால் இதற்கு முதலில் முள் வெளியே வர வேண்டும்.

தினமும் குத்தும் முள்

பூக்கார அம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்போடு புகையிலையும் சேர்த்து மெல்வார். மென்றதை இடது கன்னத்தில் அடக்கிக்கொள்வார். இருபது வருடப் பழக்கம். நடுராத்திரி எழுந்து மார்க்கெட்டுக்கு வர வேண்டும். புகையிலை போட்டால் தூக்கம் வராது, பசி தெரியாது. அப்படித்தான் பழக்கம் தொடங்கியது.

அவர் அதைக் கெட்ட பழக்கம் என்று நினைத்ததில்லை. பீடி, சிகரெட்தான் கெடுதல் என்று நினைத்தார். அவருடைய அம்மாவும் பாட்டியும்கூட வெற்றிலை போட்டவர்கள்தான்.

சுண்ணாம்பு கன்னத்தின் உட்புறத்தை அரிக்கும். பாக்கு உராய்ந்து கீறும். பாக்கில் உள்ள சத்து உள்தசையை நார்போல இறுக்கும். புகையிலையில் புற்றுநோயை உண்டாக்கும் நச்சுப் பொருட்கள் பல இருக்கின்றன. பாக்கும் தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு இதை அறிவித்திருக்கிறது.

கன்னத்தில் அடக்கிய புகையிலையும் ஒரு முள்தான். விரலில் குத்திய முள் ஒரு முறை குத்தியது, வெளியே வந்துவிட்டது. இந்த முள் தினமும் ஐந்து முறை, ஆறு முறை குத்துகிறது. இருபது வருடமாகக் குத்துகிறது.

ஒவ்வொரு முறையும் வெள்ளை அணுக்கள் ஓடி வருகின்றன. அழற்சி உண்டாகிறது. அது அடங்குவதற்குள் அடுத்த வெற்றிலை வந்துவிடுகிறது. சண்டை முடிவதே இல்லை. காவல்காரர்களின் ஆயுதமே ஊரை எரிக்கத் தொடங்குகிறது.

ஒரு எழுத்து விட்டுப்போனால்

ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு ஏடு இருக்கிறது. அதற்கு டி.என்.ஏ. என்று பெயர். எப்போது வளர வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று அந்த ஏட்டில் இருக்கிறது. ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது, அந்த ஏட்டையும் பார்த்து ஒரு நகல் எழுதிக்கொள்ளும்.

கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து நாம் எழுதுகிறோம். நிதானமாக எழுதினால் பிழை வராது. அவசரமாகப் பத்துப் பக்கம் எழுதினால்? ஏதாவது ஓர் எழுத்து விட்டுப்போகும். “கால்” என்று எழுதும்போது துணைக்கால் விட்டுப்போனால் “கல்” ஆகிவிடும். ஒரு குறி போனதில் பொருளே மாறிவிட்டது.

செல்லிலும் இப்படி நடக்கும். தினமும் புண் ஆவதால், செல்கள் தினமும் பிரிந்து பள்ளத்தை நிரப்ப வேண்டியிருக்கிறது. நகல் எழுதும் வேலை கூடுகிறது. புகையிலை நஞ்சு ஏட்டைக் கிழிக்கிறது. வெள்ளை அணுக்களின் ஆயுதமும் ஏட்டைக் கெடுக்கிறது. பிழைகள் சேர்ந்துகொண்டே போகின்றன.

ஒரு பிழையால் புற்றுநோய் வராது. உடம்பு பல பிழைகளைத் தானே திருத்திவிடும். ஆனால் வருடக்கணக்கில் பிழைகள் சேரும்போது, “நிறுத்து” என்ற சொல்லே ஒரு செல்லின் ஏட்டில் அழிந்துபோகலாம். அந்தச் செல் நிறுத்தாமல் பெருகும். பக்கத்து இடத்தையும் பிடிக்கும். வேறு உறுப்புக்கும் பரவும். அதுதான் புற்றுநோய். நாம் கேன்சர் என்றும் சொல்கிறோம். அது ஒட்டுவாரொட்டி நோய் அல்ல. நோயாளியைத் தொட்டால் வராது. அவரோடு சேர்ந்து சாப்பிட்டாலும் வராது.

ஆறாத அழற்சிக்கும் புற்றுநோய்க்கும் உறவு உண்டு என்ற எண்ணம் பழையது. 1863இலேயே வர்ச்சோவ் என்ற ஜெர்மன் மருத்துவர் இதைச் சொன்னார். புற்றுக் கட்டிக்குள் வெள்ளை அணுக்கள் இருப்பதை அவர் கவனித்தார். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மார்ஷல், வாரன் என்ற இரு மருத்துவர்கள், வயிற்றில் புண் உண்டாக்கும் ஒரு கிருமியைக் கண்டுபிடித்தார்கள். மார்ஷல் 1984இல் அந்தக் கிருமியைத் தானே குடித்துப் பார்த்தார். அவர் வயிற்றில் அழற்சி உண்டானது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கிருமி பல வருடம் வயிற்றில் தங்கினால், சிலருக்கு வயிற்றுப் புற்றுநோயும் வரும் என்று இன்று தெரியும்.

இதற்காக எல்லா வீக்கத்துக்கும் பயப்பட வேண்டாம். ஆறிவிடும் புண் நல்ல புண். ஆறாத புண்ணைத்தான் கவனிக்க வேண்டும்.

காவல்காரர்கள் பிடிக்க மாட்டார்களா?

கெட்டுப்போன செல்லைக் காவல்காரர்கள் கண்டுபிடிக்க மாட்டார்களா என்று கேட்கலாம். கண்டுபிடிக்கிறார்கள். உடம்பெங்கும் வேவு பார்க்கும் வெள்ளை அணுக்கள் உண்டு. கோணலாகிப்போன பல செல்களை அவை கொன்றுவிடுகின்றன. நமக்குத் தெரியாமலே இது நடக்கிறது.

ஆனால் புற்றுச் செல் வெளியிலிருந்து வந்த கிருமி அல்ல. நம் உடம்பிலேயே பிறந்த செல். வீட்டுத் திருடனைப் பிடிப்பது கஷ்டம் அல்லவா? சில புற்றுச் செல்கள் காவல்காரர் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்கின்றன. சில செல்கள் காவல்காரரையே ஏமாற்றி வேலை வாங்குகின்றன. புண்ணை ஆற்ற வந்த அணுக்கள், புற்றுக் கட்டிக்குப் புது ரத்தக் குழாய் வளர உதவி செய்துவிடுகின்றன. கட்டிக்குச் சாப்பாடு கிடைத்துவிடுகிறது.

அதனால் காவல் முழுவதையும் வெள்ளை அணுக்களிடமே விட்டுவிடக் கூடாது. நம் கண்ணும் காவல் காக்க வேண்டும்.

பெங்களூரில் கண்ட உண்மை

பெங்களூர் ஓசூர் ரோட்டில் கித்வாய் நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அது 1973இல் தொடங்கியது. 1982 முதல் பெங்களூரில் யாருக்கு எந்தப் புற்றுநோய் வருகிறது என்று ஒரு பதிவேட்டில் எழுதி வருகிறார்கள்.

அந்தப் பதிவேட்டை வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. வாய்ப் புற்றுநோய் வந்த 348 பேரை எடுத்துக்கொண்டார்கள். அதே பகுதியில் வசிக்கும், அதே வயதுள்ள, நோய் இல்லாதவர்களோடு அவர்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1990இல் முடிவு வெளியானது.

வெற்றிலை பாக்கோடு புகையிலை மெல்லும் ஆண், பெண் இருவருக்குமே ஆபத்து அதிகம் என்று தெரிந்தது. பெண்களுக்கு அது இன்னும் அதிகம். மெல்லாத பெண்களைவிட மெல்லும் பெண்களுக்கு ஆபத்து சுமார் 25 மடங்கு இருந்தது. எத்தனை வருடம், ஒரு நாளைக்கு எத்தனை முறை என்பது கூடக்கூட, ஆபத்தும் கூடியது. வாயில் அடக்கியபடியே தூங்குகிறவர்களுக்கும் ஆபத்து மிக அதிகமாக இருந்தது.

முள் எவ்வளவு நேரம் குத்துகிறதோ அவ்வளவு கெடுதல். அந்தக் கணக்கு காட்டியது இதைத்தான்.

புகையிலை கலந்த குட்காவைக் கர்நாடக அரசு 2013இல் தடை செய்தது. ஆனால் பாக்குப் பொட்டலம் தனியாகவும் புகையிலைப் பொட்டலம் தனியாகவும் வாங்கிக் கலந்து போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டாகப் பிரித்து வாங்கினாலும் கன்னத்தில் குத்துவது அதே முள்தான்.

கண்ணாடி முன் இரண்டு நிமிடம்

வாய்ப் புற்றுநோயில் ஒரு நல்ல விஷயம் உண்டு. வயிற்றுக்குள் வருவது கண்ணுக்குத் தெரியாது. வாயில் வருவது தெரியும். பெரும்பாலும் புற்றாக மாறுவதற்கு முன்பே அடையாளம் காட்டும்.

மாதம் ஒரு முறை வாயைக் கொப்பளித்துவிட்டு, வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று பாருங்கள். கன்னத்தின் உட்புறம், உதட்டின் உட்புறம், ஈறு, நாக்கின் மேல், நாக்கின் ஓரம், நாக்கின் அடி எல்லாவற்றையும் பாருங்கள்.

கவனிக்க வேண்டியவை இவை:

துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு.
சிவப்புத் திட்டு. இது வெள்ளையைவிட ஆபத்தானது.
இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வலி இல்லாவிட்டாலும்.
வாயில் அல்லது கழுத்தில் கட்டி.
காரம் பட்டால் தாங்க முடியாத எரிச்சல்.
வாய் முன்போல் திறக்காமல் இருப்பது. மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் வாய்க்குள் போக வேண்டும்.

அது என்ன இரண்டு வாரக் கணக்கு? சாதாரண வாய்ப்புண் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் ஆறிவிடும். ஆறவில்லை என்றால் உள்ளே முள் இருக்கிறது என்று பொருள். ஒருவேளை கூர்மையான பல்லாக இருக்கலாம். வேறு காரணமாகவும் இருக்கலாம். எதுவானாலும் டாக்டர் பார்க்க வேண்டும். வலி இல்லை என்று இருந்துவிடக் கூடாது. ஆரம்பப் புற்றுநோய் பெரும்பாலும் வலிக்காது.

இப்படிப் பார்ப்பதால் உயிர் பிழைக்குமா? கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 முதல் 13 பஞ்சாயத்துகளில் இதைச் சோதித்தார்கள். பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறந்து பார்த்தார்கள். சில பஞ்சாயத்துகளில் மட்டும் பார்த்தார்கள், மற்றவற்றோடு ஒப்பிட்டார்கள். 2005இல் முடிவு வந்தது. புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே, வாய்ப் புற்றுநோய்ச் சாவு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. விலை உயர்ந்த இயந்திரத்தால் அல்ல, கண்ணால் பார்த்ததால்.

பூக்கார அம்மா என்ன செய்தார்?

ஒரு நாள் மகள் சாம்பாரில் காரம் குறைவாகப் போட்டிருந்தாள். அப்படியும் அம்மாவால் சாப்பிட முடியவில்லை.

“வாயைத் திறம்மா, பார்க்கிறேன்” என்றாள் மகள். கன்னத்தின் உள்ளே வெள்ளையாக ஒரு தடிப்பு இருந்தது. நடுவில் புண்.

“டாக்டரிடம் காட்டலாம்மா.”

“டாக்டர் கத்தி வைப்பார். கத்தி பட்டால் பரவிவிடும் என்று சொல்கிறார்களே.”

“பரவும் என்று யாரம்மா சொன்னது? வா, டாக்டரையே கேட்போம்.”

மார்க்கெட்டுக்குப் பக்கத்திலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மகள் அங்கே அழைத்துப்போனாள். டாக்டரம்மா பார்த்தார்.

“எத்தனை வருடமாகப் புகையிலை போடுகிறீர்கள், அம்மா?”

“இருபது வருடம் இருக்கும், டாக்டர். கத்தி பட்டால் பரவும் என்கிறார்கள். நிஜமா?”

“அது தவறு, அம்மா. சிறு துண்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் என்ன என்று தெரியும். அதனால் பரவாது. பயந்து நாள் கடத்தினால்தான் பரவும்.”

முடிவு வந்தது. இன்னும் புற்று ஆகவில்லை. ஆனால் செல்கள் மாறத் தொடங்கியிருந்தன. “முள்ளை எடுக்க வேண்டியது நீங்கள்தான்” என்றார் டாக்டரம்மா.

புகையிலையை விடுவது அவருக்குச் சுலபமாக இல்லை. முதல் வாரம் தலைவலி, எரிச்சல். வாய் எதையோ தேடியது. கிராம்பையும் ஏலக்காயையும் வாயில் போட்டுக்கொண்டார். ஒரு முறை தோற்றுப்போய் மறுபடியும் போட்டார். மறுபடியும் விட்டார்.

மகள் புகையிலைப் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தாள். அதில் ஓர் எண் அச்சிட்டிருந்தது: 1800-11-2356. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த எவரும் அந்த எண்ணைப் படித்துவிடலாம். கூப்பிடக் காசு இல்லை. தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம். புகையிலையை விடுவதற்கு அவர்கள் வழி சொல்வார்கள்.

ஆறு மாதத்தில் தடிப்பு குறைந்தது. ஆனாலும் டாக்டரம்மா விடவில்லை. “மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்டுங்கள்” என்றார். இருபது வருடப் பிழைகள் முழுவதும் அழிந்துவிட்டன என்று சொல்ல முடியாது அல்லவா? அம்மா தவறாமல் போய்க் காட்டுகிறார்.

எல்லோரும் இப்படி நேரத்தில் வருவதில்லை. வாய் திறக்க முடியாமல், கழுத்தில் கட்டி வந்த பிறகு வருகிறவர்கள் நிறையப் பேர். அப்போது அறுவை சிகிச்சை பெரிதாகிறது. தாடையை எடுக்க வேண்டிவரலாம். ஆரம்பத்தில் வந்தால் குணமாகும் வாய்ப்பு மிக அதிகம்.

உங்கள் பகுதியில் உள்ள நம்ம கிளினிக், ஆரம்ப சுகாதார நிலையம், பல் டாக்டர், யாரிடமும் முதலில் காட்டலாம். சந்தேகம் இருந்தால் அவர்களே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள்.

சேர்ந்து பேசுங்கள்

1. விரலில் வந்த புண் ஏன் சீக்கிரம் ஆறியது? கன்னத்தில் வந்த புண் ஏன் ஆறவில்லை?
2. அழற்சி எப்போது நல்லது? எப்போது கெடுதல்?
3. “கத்தி பட்டால் பரவும்” என்று உங்கள் பக்கத்தில் சொல்கிறார்களா? அவர்களுக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?
4. உங்கள் வீட்டில் வெற்றிலை பாக்கு, புகையிலை போடுகிறவர் யார்? அவர் வாயை இந்த வாரம் யார் பார்க்கப்போகிறீர்கள்?